பஸ் ஏறப்போகும் பிள்ளைகளுக்கு

இந்த வருடம் மட்டும் மூன்று பேர் போன் செய்துவிட்டீர்கள். நியூ ஜெர்சியிலிருந்து இருவர், டல்லஸிலிருந்து ஒருத்தி. முதல் டூர் ஒப்பந்தம் கைக்கு வந்திருக்கிறது, "அத்தை, கையெழுத்துப் போடலாமா?" என்று கேட்டீர்கள். மூன்று பேருமே குரலைத் தாழ்த்தி, "நான்-ஈக்விட்டி டூர்தான்" என்று சேர்த்துச் சொன்னீர்கள், ஜாதகத்தில் செவ்வாய் இருப்பதைச் சொல்வதுபோல.

நான் மேடை ஏறியவள் இல்லை. அமெரிக்காவில் பதினான்கு வருடம் இப்படிப்பட்ட மியூசிக்கல் டூர்களில் உடைப்பெட்டிகளோடு ஊர் ஊராகப் போனவள். அதற்கு முன்னால் மதுரை புது மண்டபத்தில் தையல் மெஷின் வைத்திருந்த அப்பாவின் காலடியில் காஜா எடுக்கக் கற்றவள். என்னிடம் கேட்டால் துணிக்காரியின் புத்திதான் கிடைக்கும். ஒவ்வொருவரையும் தனியாக உட்காரவைத்துச் சொல்வதாக நினைத்து 'நீ' என்றே எழுதுகிறேன்.

1. எதில் ஏறுகிறாய் என்று முதலில் தெரிந்துகொள். ஈக்விட்டி என்பது மேடை நடிகர்களுக்கும் ஸ்டேஜ் மேனேஜர்களுக்கும் உள்ள சங்கம். 1913இல் நியூயார்க்கில் தொடங்கியது. அந்தச் சங்கத்தோடு ஒப்பந்தம் போட்டுக் கிளம்புகிற டூரில் குறைந்தபட்சச் சம்பளம், மருத்துவக் காப்பீடு, ஓய்வூதியம், வாரத்தில் ஒரு நாள் ஓய்வு, பயணத்துக்கும் ஒத்திகைக்கும் மணிக்கணக்கு எல்லாம் எழுத்தில் இருக்கும். நான்-ஈக்விட்டி டூரில் இவற்றில் எது உண்டு எது இல்லை என்பது தயாரிப்பாளர் எழுதிக்கொடுக்கிற காகிதத்தைப் பொறுத்தது. சட்டவிரோதம் எதுவும் இல்லை. வேறு விலைக்கு வேறு சரக்கு.

சிக்கல் எங்கே என்றால், வெளியிலிருந்து பார்க்கிறவருக்கு இரண்டும் ஒரே சரக்கு. பெரிய ஊர்களில் வாரக்கணக்கில் தங்கி ஆடிய ஈக்விட்டி டூர் ஓரிரு வருடத்தில் முடியும். பிறகு அதே தலைப்பு, அதே பாட்டு, பல சமயம் அதே இயக்குநரின் பெயர், அதே கோட்டு சூட்டோடு நான்-ஈக்விட்டிக் கம்பெனியாகக் கிளம்பி, ஒரு ராத்திரி இரண்டு ராத்திரி ஆடக்கூடிய ஊர்களுக்குப் போகும். உள்ளூர் அரங்கம் அச்சடிக்கிற வருடச் சந்தா புத்தகத்தில் ஈக்விட்டி நாடகமும் நான்-ஈக்விட்டி நாடகமும் அடுத்தடுத்த பக்கத்தில் இருக்கும். எது எது என்று எங்கும் போட்டிருக்காது.

2001இல் 'தி மியூசிக் மேன்' டூர் கிளம்பியபோது இது பெரிய சண்டையானது. ப்ராட்வேயில் சூசன் ஸ்ட்ரோமேன் இயக்கிய நாடகம், டூர் மட்டும் சங்கத்துக்கு வெளியே. ஈக்விட்டிக்காரர்கள் அரங்கு வாசலில் நின்று துண்டுச்சீட்டு கொடுத்தார்கள். பின்னால் வந்த வருடங்களில், டிக்கெட் வாங்குமுன் "இது ஈக்விட்டியா?" என்று கேளுங்கள் என்று பார்வையாளர்களிடமே சங்கம் பிரசாரம் செய்தது. நான் பார்த்தவரை கேட்டவர்கள் மிகக் குறைவு. நாடகம் பிடிக்காமல் போனபிறகு கேட்டவர்கள் அதிகம்.

ஒன்றை மறக்காதே. உங்கள் டூர் நான்-ஈக்விட்டி என்பதால் அரங்குக்குள் சங்கமே இல்லை என்று அர்த்தமில்லை. லாரியிலிருந்து பெட்டி இறக்குகிற உள்ளூர் ஆட்கள் பல ஊர்களில் 1893இலிருந்து இருக்கிற மேடைத் தொழிலாளர் சங்கத்துக்காரர்கள். ஹீரோவாக ஆடுகிறவனைவிட ஸ்பாட்லைட் பிடிக்கிற பெரியவருக்கு மணிக்கூலி அதிகமாக இருக்கலாம். அதைப் பார்த்து வயிறு எரியாதே. அவர் கூலி ஏன் அப்படி இருக்கிறது, உன் கூலி ஏன் இப்படி இருக்கிறது என்று யோசித்துப் பார்.

2. ஒப்பந்தத்தை ராத்திரியில் படிக்காதே. பகலில், பேனாவோடு படி. வாரச் சம்பளம் என்று ஒரு தொகையும் 'பெர் டயம்' என்கிற சாப்பாட்டுப் படி ஒரு தொகையும் இருக்கும். இரண்டையும் கூட்டி ஒரே எண்ணாகப் போனில் சொல்லுவார்கள். கேட்க நன்றாக இருக்கும். அந்தப் படிக்கு வரி இல்லாமல் இருக்கவேண்டுமானால், வரித்துறைக் கணக்கில் உனக்கென்று ஒரு நிரந்தர ஊர், நீ செலவு செய்து வைத்திருக்கிற வீடு இருக்கவேண்டும். டூர் போகிறோமே என்று நியூயார்க் அறையைக் காலி செய்துவிட்டு, அம்மா வீட்டு விலாசத்தை மட்டும் எழுதிக்கொடுக்கிற பிள்ளைகள் இங்கேதான் மாட்டுகிறார்கள். எங்கும் வீடில்லாத நாடோடி என்று கணக்கானால் படியும் வருமானம்தான். ஆடுகிற மாநிலம் ஒவ்வொன்றும் தன் பங்கு வரியைக் கேட்கும் என்பதையும் சேர்த்துக்கொள். டூர் கலைஞர்களுக்கே வரிக்கணக்கு எழுதுகிற ஆட்கள் இருக்கிறார்கள். அவர்களுக்குக் கொடுக்கிற பணத்தை மிச்சம் பிடிக்காதே.

அதற்குப் பிறகு நாலு கேள்வி. தனி அறை வேண்டுமானால் என் கையிலிருந்து எவ்வளவு? அடிபட்டால் தொழிலாளர் காப்பீடு எந்த மாநிலத்தின் பெயரில்? பிசியோதெரபிஸ்ட் யார், வாரத்துக்கு எத்தனை மணி நேரம்? நான் விலகவேண்டுமென்றால் எத்தனை வாரம் முன்னால் சொல்லவேண்டும், நீங்கள் என்னை அனுப்புவதென்றால் எத்தனை வாரம்? கடைசிக் கேள்விக்கு இரண்டு பக்கமும் ஒரே பதில் வருகிறதா என்று பார். வராவிட்டால் உடனே மறுத்துவிடவேண்டும் என்பதில்லை, தெரிந்துகொண்டு போ.

3. "ப்ராட்வேயில் ஆடியிருக்கிறாயா?" என்று கட்டாயம் கேட்பார்கள். மேடைக் கதவுக்கு வெளியே, கையில் நிகழ்ச்சிப் புத்தகத்தோடு, மிகவும் அன்பாகக் கேட்பார்கள். இல்லை என்று சொல். ப்ராட்வே என்பது மன்ஹாட்டனில் இருக்கிற 41 அரங்குகள். அவற்றில் ஒன்றிலாவது நீ ஆடினாயா இல்லையா என்பதுதான் கேள்வி. இழுத்து மழுப்புகிற பையன்களைப் பார்த்திருக்கிறேன். "இது ப்ராட்வே டூர்தான்" என்பான் ஒருவன். அந்த வரி விளம்பரத்துக்கு எழுதியது, அது உன் வாயில் எதற்கு? "இல்லை, இது என் முதல் டூர்" என்று ஒரு பெண் சொன்னபோது அந்த ஊர்ப் பாட்டி அவள் கன்னத்தைத் தொட்டு, அவள் பெயரைப் புத்தகத்தில் வட்டம் போட்டுக்கொண்டாள். "பெரிய ஆளான பிறகு காட்டுவேன்" என்றாள்.

4. பார்க்க வருகிறவர் எதை மனதில் வைத்துக்கொண்டு வருகிறார் என்று யோசி. இந்தத் தொழிலில் என்னை அதிகம் யோசிக்கவைத்த விஷயம் இதுதான்.

ஒருவர் இருபது வருடத்துக்கு முன் சிகாகோவில் அதே நாடகத்தைப் பார்த்திருப்பார். அவர் நினைவில் அது வருடா வருடம் வளர்ந்திருக்கும். இன்னொருவர் காரில் அந்தப் பாட்டுகளை நூறு தடவை கேட்டிருப்பார், ஸ்டூடியோவில் பதிந்த குரலில், முழு வாத்தியக் குழுவோடு. மூன்றாவது ஆள் சினிமாவாகப் பார்த்தவர். நாலாவது ஒரு பள்ளிக்கூடப் பிள்ளை. இந்த ஊர்ப் பள்ளிக்கூடங்கள் உரிமம் வாங்கி இதே மியூசிக்கல்களை ஆடும். அந்தப் பிள்ளைக்கு உன் வசனம் உன்னைவிட நன்றாகத் தெரியும். நீ ஒரு வார்த்தை விட்டால் மூன்றாவது வரிசையில் அதன் உதடு அதைச் சொல்லும். நான் பார்த்திருக்கிறேன். ஐந்தாவது, மனைவி இழுத்து வந்த கணவர். அவருக்கு ஒன்றும் தெரியாது. டிக்கெட் விலை மட்டும் நன்றாகத் தெரியும். உன் டூரின் முழு வெற்றியும் சில ராத்திரிகளில் இந்த மனுஷர் கையில்தான் இருக்கும்.

இவர்கள் முன்னால் வந்து நிற்கிற மேடை சுருங்கிய மேடை. அதற்குக் காரணம் கஞ்சத்தனம் என்று ஒரே வார்த்தையில் முடித்துவிடலாம். கொஞ்சம் கஞ்சத்தனமும் உண்டு. ஆனால் லாரிக் கணக்கு என்று ஒன்று இருக்கிறது. ஒரு டிரெய்லர் 53 அடி. பெரிய டூர் பத்துப் பன்னிரண்டுக்கு மேல் கொண்டுபோகும். நான் போனவற்றில் மூன்று, நாலு, மிஞ்சினால் ஐந்து. காலை எட்டு மணிக்குக் கதவு திறந்தால் ராத்திரி ஏழரைக்குத் திரை. அதற்குள் தரை விரித்து, விளக்கு தூக்கி, ஒலி சரிபார்த்து, நூறு இஸ்திரி போட்டு முடிக்கவேண்டும். ஆட்டம் முடிந்த ராத்திரியே எல்லாம் லாரிக்குள் திரும்பவேண்டும். சின்ன அரங்கென்றால் செட்டிலுள்ள படிக்கட்டில் பாதி லாரியிலேயே தூங்கும். அந்தச் சுருக்கத்துக்கு 'கட்' என்று பெயர். லண்டனிலும் நியூயார்க்கிலும் 'மிஸ் சைகான்' பார்த்தவர்கள் மேடையில் இறங்குகிற ஹெலிகாப்டரைத்தான் வாழ்நாள் முழுக்கச் சொல்வார்கள். சின்ன டூரில் அது திரையில் படமாக வந்துபோனால் அவர்கள் எப்படிச் சும்மா இருப்பார்கள்?

வாத்தியக் குழுவும் அப்படித்தான். ப்ராட்வேயின் பெரிய அரங்குகளில் குறைந்தது இத்தனை வாத்தியக்காரர் இருக்கவேண்டும் என்று விதி உண்டு. அந்த எண்ணைக் குறைக்கப் பார்த்ததால்தான் 2003 மார்ச்சில் வாத்தியக்காரர்கள் நாலு நாள் வேலைநிறுத்தம் செய்தார்கள். நடிகர்களும் மேடைத் தொழிலாளர்களும் அவர்களோடு நின்றதால் மியூசிக்கல்கள் ஏறக்குறைய எல்லாமே நின்றன. கடைசியில் இருபத்துச் சொச்சமாக இருந்த எண் 18, 19 என்று இறங்கியது. நமக்கு அந்தக் கணக்கெல்லாம் கிடையாது. இரண்டு கீபோர்டு, ஒரு டிரம்ஸ், கூட நாலைந்து பேர். வயலின் கூட்டம் முழுவதும் ஒரு பெண்ணின் பத்து விரலுக்குள் இருக்கும். இடைவேளையில் வாத்தியக்காரர் உட்காருகிற பள்ளத்தை எட்டிப் பார்த்து விரல்விட்டு எண்ணுகிறவர் எல்லா ஊரிலும் ஒருவராவது இருப்பார்.

5. ஆக, டிக்கெட் வாங்கியவருக்கு ஒரு வாக்கு கொடுக்கப்பட்டிருக்கிறது. கொடுத்தது நீ இல்லை. ஆனால் அந்த இரண்டரை மணி நேரமும் அவர் கண்முன்னால் நிற்கிற ஆள் நீதான். இதில் எது உன் கடன், எது முதலாளியின் கடன் என்று பிரித்துக்கொள்ளத் தெரியாத பிள்ளைகள்தான் முதல் டூரிலேயே நொந்துபோகிறார்கள்.

எழுதிய ஸ்வரம், எழுதிய வார்த்தை, சொன்ன இடத்தில் சொன்ன நேரத்தில் நிற்பது, எதிரில் நிற்கிறவர் கண்ணைப் பார்த்துக் கேட்பது, மேல் பால்கனியில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருப்பவருக்கும் சேர்த்து ஆடுவது, இதெல்லாம் உன் கடன். இதில் பைசா பாக்கி வைக்காதே. செவ்வாய்க்கிழமை ராத்திரி அரை அரங்கு காலியாக இருந்தாலும் வைக்காதே. வயலின் எத்தனை, ஹெலிகாப்டர் வந்ததா, விளம்பரத்தில் என்ன எழுதினார்கள், டிக்கெட்டுக்கு எவ்வளவு வாங்கினார்கள் என்பதெல்லாம் அவர்கள் கடன். காணாமல்போன வயலினுக்காக நீ தொண்டையைக் கிழித்துக்கொண்டு ஈடுகட்ட முயற்சி செய்யாதே. செய்வாய். எல்லாரும் செய்கிறார்கள்.

ஒரு பையன், இருபத்திரண்டு வயது, நல்ல டான்ஸர். கணுக்கால் வீங்கி என் ஷூ அலமாரிக்கு வந்து ஒரு அளவு பெரிய பூட்ஸ் கேட்டான். ஏனென்று கேட்டேன். மாற்றாளாக நிற்க இருக்கிற இரண்டு ஸ்விங்கில் ஒருத்திக்குக் காய்ச்சல், இன்னொருவன் ஏற்கெனவே வேறொருவனுக்காக ஆடிக்கொண்டிருக்கிறான், நானும் விழுந்தால் வரிசையில் ஓட்டை விழும் என்றான். மேலே இருந்தவர்கள் ஆடு என்று சொல்லவில்லை. "முடிவு உன்னுடையது" என்றார்கள். அந்த வாக்கியம் வரும்போது உஷாராக இரு. ஆடினான், நாலு ஊர். ஐந்தாவது ஊரில் ஊன்றுகோல், அதற்குப் பிறகு வீடு. வரிசையில் ஓட்டை விழுந்த ராத்திரி நான் பக்கவாட்டிலிருந்து பார்த்தேன். பார்வையாளரில் ஒருவருக்கும் தெரியவில்லை. எட்டுப் பேர் ஏழானார்கள், இடைவெளியை அரை அடி தள்ளிக்கொண்டார்கள், கைதட்டல் அதேதான். ஸ்விங் இரண்டு போதாது, மூன்று வேண்டும் என்பது முதலாளி கட்டவேண்டிய கடன். அதை ஒரு பையனின் கணுக்கால் கட்டியது.

6. ஸ்விங் என்றால் யார் என்று உன் அம்மாவுக்குச் சொல்லிவை. ஏழெட்டுப் பேரின் ஆட்டத்தையும் பாட்டையும் மனதில் வைத்துக்கொண்டு, எவர் விழுந்தாலும் அந்த இடத்தில் போய் நிற்பவர். கம்பெனியிலேயே கெட்டிக்காரர் பெரும்பாலும் அவர்தான். உன்னை அந்த வேலைக்கு எடுத்தால் இரண்டாம்தரம் என்று அழாதே.

ஆளுக்குப் பதில் ஆள் நிற்கிற விஷயம் எங்கள் ஊர் ஸ்பெஷல் நாடகத்தில் தலைகீழ். கோயில் கொடைக்கு 'வள்ளி திருமணம்' என்றால் நோட்டீஸில் ராஜபார்ட் யார், ஸ்திரீபார்ட் யார், பபூன் யார், ஹார்மோனியம் யார் என்று ஊர்ப் பெயரோடு, போட்டோவோடு போடுவார்கள். கதை எல்லாருக்கும் தெரியும். ஆளைப் பார்க்கத்தான் வருவார்கள். ஆள் மாறினால் விடிகிறவரை முணுமுணுப்பு ஓயாது. இங்கே சுவரொட்டியில் தலைப்பு மட்டும்தான். ஆள் யாரானாலும் தலைப்பு ஆடிவிடும் என்பது வியாபாரத்தின் நம்பிக்கை. அதனால்தான் ஈக்விட்டி, ஒருவருக்குப் பதில் வேறொருவர் ஆடுகிறார் என்றால் அதைப் பார்வையாளருக்கு அறிவித்தே தீரவேண்டும் என்று விதி வைத்திருக்கிறது. உங்கள் டூரில் அந்த விதி இல்லாமலிருக்கலாம். ஆனாலும் புத்தகத்துக்குள் ஒரு சின்னச் சீட்டு வைக்கச் சொல்லி ஸ்டேஜ் மேனேஜரிடம் பணிவாகக் கேள். செலவு ஒரு காகிதம்.

7. பஸ். ஜன்னல் ஓரம், டயருக்கு மேலே இல்லாத இருக்கை, கழிப்பறையிலிருந்து ஆறு வரிசை தள்ளி. முதல் நாள் எங்கே உட்காருகிறாயோ அதுதான் எட்டு மாதத்துக்கு உன் வீடு. டிரைவருக்கு மரியாதை கொடு. சட்டப்படி அவர் தொடர்ந்து எட்டு மணி நேரம் ஓய்வெடுத்த பிறகுதான் வண்டியை எடுக்கலாம், எடுத்தபின் பத்து மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. கம்பெனியிலேயே எழுத்தில் உறுதியான ஓய்வு அவருக்குத்தான் என்று நாங்கள் சிரிப்போம். குளிர்காலத்தில் வயோமிங்கில் ஐ-80 நெடுஞ்சாலையைப் பனிக்காற்று மூடிவிடும். ராத்திரி எங்காவது ஒரு பெட்ரோல் பங்கில் கழியலாம். கடலைமிட்டாய் கையில் இருக்கட்டும்.

8. தொண்டை. டென்வர் கடல்மட்டத்திலிருந்து 5,280 அடி. முதல் பாட்டிலேயே மூச்சு எங்கே போயிற்று என்று தேடுவாய். அந்தப் பக்கத்து அரங்குகள் சிலவற்றில் மேடை ஓரத்தில் ஆக்சிஜன் வைத்திருப்பார்கள், கூச்சப்படாமல் எடுத்துக்கொள். பஸ்ஸின் சூட்டுக்காற்றும் ஹோட்டல் அறையின் சூட்டுக்காற்றும் டென்வரைவிட மோசம். ராத்திரி ஈரத்துண்டைக் காற்றுவரும் துளைக்குப் பக்கத்தில் தொங்கவிடு. ஆட்டம் முடிந்து மதுக்கடையில் சத்தத்துக்கு மேலே கத்திப் பேசித்தான் முக்கால்வாசிப் பேர் குரலைக் கெடுத்துக்கொண்டார்கள், பாடி இல்லை.

9. என் துறைக்கு வருகிறேன். உடையைக் கழற்றினால் மாட்டு. தரையில் போடாதே. வாரத்தில் எட்டு ஆட்டம், ஆனால் துவைக்கிற மெஷின் எல்லா ஊரிலும் இருக்காது. கம்பளிக் கோட்டும் மணி கோத்த கவுனும் துவைக்கவும் முடியாது. மலிவான வோட்காவில் தண்ணீர் கலந்து உள்பக்கம் தெளித்துக் காயவைப்போம், நாற்றம் போய்விடும். ஆச்சாரமான வீட்டுப் பெண் பத்து பாட்டில் வோட்கா வாங்கிக்கொண்டு வரிசையில் நிற்கிறாளே என்று எந்த ஊர்க் கடைக்காரரும் கேட்டதில்லை. உள்பனியனைத் தினமும் மாற்று. மைக் கம்பியை நீயே பிய்க்காதே. வியர்வையில் செத்த மைக்குக்கும் இழுத்துக் கொன்ற மைக்குக்கும் ஒலிக்காரருக்கு வித்தியாசம் தெரியும். குவிக் சேஞ்ச் என்றால் இருட்டில் இருபத்தைந்து நொடியில் உடை மாற்றுவது. கையைத் தூக்கிக்கொண்டு மரம்போல் நில். நீ உதவி செய்ய ஆரம்பித்தால் முப்பத்தைந்து ஆகும்.

10. ஊரைக் கேலி செய்யாதே. இலினாயில் பியோரியா என்று ஒரு ஊர். "பியோரியாவில் எடுபடுமா?" என்பது வாட்வில் காலத்திலிருந்து அமெரிக்க நாடகக்காரர்கள் வாயில் இருக்கிற சொலவடை. சாதாரண ஜனங்களுக்குப் பிடிக்குமா என்று அர்த்தம். நான்-ஈக்விட்டி டூரின் வாழ்க்கையே பியோரியாக்களில்தான். இரண்டு மணி நேரம் கார் ஓட்டி வந்திருப்பார்கள், குழந்தைக்கு வெல்வெட் கவுன் போட்டு. அந்தப் பிள்ளை தன் வாழ்நாளில் பார்க்கிற முதல் மியூசிக்கல் இதுவாக இருக்கலாம். அதற்கு ஒப்பிட ஒன்றும் கிடையாது; நீதான் அளவுகோல்.

அரங்கம் சிரிக்கவில்லை என்றால் பிடிக்கவில்லை என்று முடிவுகட்டாதே. ஞாயிறு மதிய ஆட்டத்தில் பாதிப்பேருக்குக் காது மந்தம். சில ஊர்களில் சிரிப்பதே மரியாதைக் குறைவு. கடைசியில் எல்லாரும் எழுந்து நிற்கும்போதுதான் தெரியும். சிரிப்பு வரவில்லையே என்று வசனத்தை நீட்டாதே, உள்ளூர்க் கால்பந்து அணியின் பெயரைச் செருகாதே. அரங்கின் அளவையும் பார்த்துக்கொள். ப்ராட்வேயின் பெரிய அரங்கான கெர்ஷ்வினிலேயே இருக்கை 1,900 சொச்சம்தான். அட்லாண்டாவின் ஃபாக்ஸ் 4,600-க்கும் மேல். இந்தப் பக்கத்து ஊர்களில் 2,500, 3,000 சர்வசாதாரணம். உன் புருவம் தூக்கினது அங்கே போய்ச் சேராது. தோளைப் பயன்படுத்து.

11. யாராவது கோபமாக வருவார்கள். ஒருமுறை ஆட்டம் முடிந்து, துணிமூட்டையோடு லாபி வழியாகப் போனபோது ஒரு பெரியவர் என்னையே பிடித்துக்கொண்டார். கழுத்தில் அடையாள அட்டையைப் பார்த்திருப்பார். "நியூயார்க் விலை வாங்கிக்கொண்டு காலேஜ் பிள்ளைகளை அனுப்பியிருக்கிறீர்கள்" என்றார். எனக்குச் சுருக்கென்றது, ஏனென்றால் பாதி உண்மை. நீ அங்கே இருந்திருந்தால் என்ன செய்திருப்பாய்? முதலாளிக்காக வக்காலத்து வாங்காதே. பிள்ளைகளை விட்டுக்கொடுக்கவும் செய்யாதே. நான் சொன்னது: "பிள்ளைகள் நன்றாக ஆடவில்லையா ஐயா?" அவர் கொஞ்சம் நின்றார். "அந்தப் பெண் நன்றாகப் பாடினாள்" என்றார். "அப்படியானால் மற்றதை இந்த அரங்கின் அலுவலகத்துக்கு எழுதுங்கள், அவர்கள்தான் வாங்கி விற்றவர்கள்; அடுத்த வருடம் எந்த ஒப்பந்தத்தில் வருகிற நாடகம் என்று முன்னாலேயே கேளுங்கள்" என்றேன். எழுதினாரோ என்னவோ. எங்கள் கம்பெனி மேனேஜருக்கு நான் சொன்னது தெரியவந்து இரண்டு நாள் முகம்கொடுத்துப் பேசவில்லை.

அரங்குக்கு வெளியே ஈக்விட்டிக்காரர்கள் துண்டுச்சீட்டு கொடுத்துக்கொண்டிருந்தால் தலையைக் குனிந்துகொண்டு ஓடாதே. வாங்கிப் படி. அதில் இருக்கிற கணக்கு உன்னைப் பற்றியது.

12. எப்போது சங்கத்தில் சேர்வது? சேர்ந்தபிறகு நான்-ஈக்விட்டி வேலை எடுக்கக்கூடாது என்பது விதி. நியூயார்க்கில் அட்டையோடு நிற்கிறவர்கள் கூட்டம் உன் அனுபவத்தைவிடப் பெரியது. அதனால் அவசரப்படாதே என்பார்கள். முன்பெல்லாம் ஈக்விட்டி வேலை கிடைத்தால்தான் அட்டை, அட்டை இருந்தால்தான் சுலபமாகத் தேர்வுக்குப் போகலாம் என்று கோழியா முட்டையா கதையாக இருந்தது. 2021இல் சங்கம் கதவை அகலத் திறந்து, சம்பளத்துக்கு மேடையில் நடித்தவரோ ஸ்டேஜ் மேனேஜராக இருந்தவரோ யாரும் சேரலாம் என்றது. ஆகவே இப்போது கேள்வி முடியுமா என்பதில்லை, எப்போது என்பதுதான்.

என் எண்ணம்: ஒரு டூர் போ. மிஞ்சினால் இரண்டு. ஒரே வேஷத்தை இருநூறு தடவை, இருநூறு விதமான அரங்கில் ஆடுகிற பயிற்சி எந்தப் பள்ளிக்கூடத்திலும் கிடைக்காது, அதற்காகப் போ. மூன்றாவது டூருக்கு அதே சம்பளத்தில் அதே கம்பெனி கூப்பிட்டால், "உன்னை எங்களுக்கு ரொம்பப் பிடிக்கும்" என்று சொல்லிக் கூப்பிடுவார்கள். பிடிக்கும்தான், பொய்யில்லை. நான் பதினான்கு வருடம் இருந்தது அப்படித்தான். என் கைத்தொழில் வயதானால் கூடுகிற தொழில். உன் முழங்காலுக்கு அந்த வசதி கிடையாது.

13. கடைசியாக, முதல் நாள் உடை அளவு பார்க்க வரும்போது கோட்டின் கழுத்துப் பட்டைக்குள் பார். வெள்ளை நாடாவில் அழியாத மையில் பெயர் எழுதியிருக்கும். புதுக் கோட்டென்றால் உன் பெயர் மட்டும். ஈக்விட்டி டூர் முடிந்து நமக்கு வந்த கோட்டென்றால் மேலே இரண்டு மூன்று பெயர் குறுக்குக்கோடு போட்டிருக்கும், அதற்குக் கீழே உன்னுடையது. என் அப்பாவும் வாடகைக்குக் கொடுக்கிற ராஜபார்ட் கோட்டுக்குள் இப்படித்தான் சாக்பீஸால் எழுதுவார். கொண்டுபோய் ஆடி, திரும்பி வந்தால் துடைத்துவிட்டு அடுத்தவர் பெயர். மையில் எழுதியதைத் துடைக்க முடியாது. அரிக்கிறது, பழைய நாடாவை வெட்டிவிடுங்கள் என்று என்னிடம் கேட்டவர்கள் உண்டு. அரித்தால் மேலே ஒரு மெல்லிய துணி வைத்துத் தைத்துத் தருவேன். வெட்டமாட்டேன்.